ஒரு மைலின் விலை

"பாப்பா, ஒரு மைலு எவ்வளவு?"

2016ஆம் ஆண்டு தீபாவளிக்கு மறுநாள், சிரம்பானில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அம்மா என்னைக் கேட்ட கேள்வி இது. மடிக்கணினியில் என் விமான மைல் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, "58 ஆயிரம் மைல் சேர்ந்துருச்சும்மா" என்று நான் பெருமையடித்துக் கொண்டிருந்தேன். அம்மா முப்பத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவருக்குத் தெரிந்த மைல் வேறு. பகாவ் வட்டாரத்தில் நாங்கள் இருந்த தோட்டத்தில் மைலைக் 'கட்டை' என்றுதான் சொல்வார்கள். தோட்டத்திலிருந்து பகாவ் பட்டணம் ஏழு கட்டை. சைக்கிளில் போனால் ஒரு மணி நேரம். மழை பெய்து செம்மண் குழைந்துவிட்டால் இரண்டு மணி நேரம்.

"கட்டைன்னா ரோட்டோரத்துல கல்லு நட்டிருப்பான். வானத்துல யாரு பாப்பா கல்லு நட்டா?" என்று சிரித்தார் அம்மா.

நானும் சிரித்தேன். பிறகு, நான் படித்த படிப்பின் மிடுக்கோடு பதில் சொன்னேன். "அதெல்லாம் கணக்குப் போட்டு வச்சிருக்கேன்மா. நாம எப்படிப் பயன்படுத்துறோம்ங்கறதப் பொறுத்து ரெண்டே கால் காசுலேர்ந்து ஆறு காசு வரைக்கும் போகும்."

நான் தொழிலால் கணக்காய்வாளர். பிறருடைய கணக்கில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். அன்று நான் சொன்ன அந்தப் பதிலில் இருந்த பிழையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றேகால் ஆண்டு பிடித்தது. இந்த ஆண்டிதழுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கழகத்தின் இன்றைய செயலவைத் தம்பி தங்கையர் கேட்டபோது, அந்தப் பிழையைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. பட்டம் வாங்கி, முதல் சம்பளம் வாங்கி, முதல் கடன்பற்று அட்டையும் வாங்கப் போகிறவர்கள் நீங்கள். உங்களுக்கு இது உதவக்கூடும்.

அம்மாவுக்கு ஓர் அக்காள் இருந்தார். எனக்குப் பெரியம்மா. இருவரும் ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே ஆயாக் கொட்டகையில் வளர்ந்து, அடுத்தடுத்த நிரைகளில் மரம் வெட்டியவர்கள். 1969 மே 13 கலவரத்திற்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும் என்ற விதி கடுமையாக நடைமுறைக்கு வந்தது. சட்டம் 1968ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. அதன் சூடு தோட்டப்புறத்துக்கு வந்து சேர்ந்தது கலவரத்திற்குப் பிறகுதான். பெரியப்பா தமிழ்நாட்டில் பிறந்து இங்கு வந்தவர். அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. நீல அட்டைக்கு மனுப்போட யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. நம் இனத்தார் பல்லாயிரம் பேர் தோட்டங்களைவிட்டு இந்தியாவுக்குத் திரும்பிய காலம் அது. அந்தக் கூட்டத்தில் 1970ஆம் ஆண்டு பெரியம்மா குடும்பமும் 'ரஜூலா' கப்பலில் ஏறி நாகப்பட்டினத்தில் போய் இறங்கியது. துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், தாம் அதற்குமுன் பார்த்தேயிராத மாமியார் வீட்டில் பெரியம்மா குடியேறினார். கப்பலேற்றிவிட்டு வந்தபோது அம்மாவுக்கு வயது 19.

அதன்பிறகு அக்காளும் தங்கையும் நேரில் பார்க்கவேயில்லை. முதலில் நீலநிற விமான மடல்கள் வந்தன. பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொலைபேசி. கடைசி இரண்டு ஆண்டுகளில் கைப்பேசித் திரையில் முகம் பார்த்துப் பேசினார்கள். பேச்சு முடியும்போதெல்லாம் பெரியம்மா ஒன்று கேட்பார்: "எப்போ வர்றே?" அம்மா என் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

அந்தப் பார்வைக்குப் பதிலாகத்தான் நான் மைல் சேர்க்கத் தொடங்கினேன்.

மைல் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1981 மே மாதம் 'அட்வான்டேஜ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வாடிக்கையாளர் பறக்கும் தொலைவை மைலாக வரவு வைத்து, போதிய அளவு சேர்ந்ததும் இலவசப் பயணச்சீட்டு தருவதுதான் ஏற்பாடு. இன்று உலகின் பெரிய விமான நிறுவனங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிடமும் இப்படியொரு திட்டம் உண்டு. நம் நாட்டில் மலேசியா ஏர்லைன்ஸின் 'என்ரிச்' நாமறிந்தது. இப்போது பறக்காமலேயே மைல் சேர்க்கலாம். வங்கிகள் விமான நிறுவனங்களிடமிருந்து மைல்களை மொத்தமாக விலைக்கு வாங்கி, அட்டையில் செலவு செய்கிறவர்களுக்குச் சில்லறையாகத் தருகின்றன. என் அட்டையில் மூன்று வெள்ளி செலவழித்தால் ஒரு மைல். பாதி வேலை நிமித்தம் பறந்தும், பாதி அட்டையைத் தேய்த்தும் சேர்ந்ததுதான் அந்த 58,000.

அதன் விலையைக் கணக்கிடும் முறை எளிது. இலவசச் சீட்டு என்றாலும் விமான நிலைய வரியையும் கட்டணங்களையும் நாம்தான் கட்ட வேண்டும். ஆகவே, அதே பயணத்திற்குக் காசு கொடுத்தால் ஆகும் தொகையிலிருந்து அந்த வரியையும் கட்டணத்தையும் கழித்து, மிஞ்சுவதைத் தேவையான மைல்களால் வகுக்க வேண்டும். வருவது ஒரு மைலின் விலை.

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் போய்வரச் சாதாரண வகுப்பில் ஒருவருக்கு 840 வெள்ளி. மைலில் எடுத்தால் 24,000 மைலும் 300 வெள்ளி வரியும். 540ஐ 24,000ஆல் வகுத்தால் இரண்டே கால் காசு. உயர்வகுப்பிலோ 3,520 வெள்ளி. மைலில் எடுத்தால் 52,000 மைலும் 400 வெள்ளியும். 3,120ஐ 52,000ஆல் வகுத்தால் ஆறு காசு!

என்னிடம் இருந்த மைல்கள் அம்மாவுக்கும் எனக்கும் சாதாரண வகுப்பில் போய்வரப் போதும். பத்தாயிரம் மிச்சமும் இருக்கும். ஆனால் ஆறு காசு பெறக்கூடிய ஒன்றை இரண்டே கால் காசுக்கு விற்பவள் நல்ல கணக்காய்வாளரா? "இன்னும் கொஞ்சம் சேரட்டும்மா. காலை நீட்டிப் படுத்துக்கிட்டே போற சீட்டுல உங்களக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அம்மாவின் முழங்கால் வலியையும் காரணமாகச் சேர்த்துக்கொண்டேன். அம்மா, "சரி பாப்பா, ஒனக்குத் தெரியாததா" என்றார். அந்த மாதமே அவருக்குக் கடப்பிதழும் எடுத்தாயிற்று. அலமாரியில், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் இருந்த அதே உறையில், அது வெற்றுத்தாள்களோடு காத்திருந்தது.

2017இல் அந்த நிறுவனம் தன் அட்டவணையை மாற்றியது. ஒரு மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான். 24,000 மைல் 30,000 ஆயிற்று. 52,000 மைல் 68,000 ஆயிற்று. என் கணக்கில் ஒரு மைல்கூடக் குறையவில்லை. ஆனால் அதைக் கொண்டு வாங்கக்கூடியது குறைந்துவிட்டது.

எனக்கு உடனே தோட்டத்து 555 புத்தகம் நினைவுக்கு வந்தது. உங்கள் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள், தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அட்டையில் 555 என்று அச்சிட்ட, சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு குறிப்புப் புத்தகம். அரிசி, சீனி, மண்ணெண்ணெய் என்று கடனுக்கு வாங்கியதையெல்லாம் கடைக்காரர் அதில் எழுதுவார். சம்பள நாளன்று கூட்டி வாங்கிக்கொள்வார். அதில் நாம் கடைக்காரருக்குக் கடன்பட்டவர்கள். மைல் கணக்கும் ஒரு 555 புத்தகம்தான், தலைகீழாக. இங்கே கடைக்காரர் நமக்குக் கடன்பட்டவர். அனைத்துலகக் கணக்கியல் விதிகளின்படி, பயணிகள் இன்னும் பயன்படுத்தாத மைல்களை விமான நிறுவனங்கள் தம் ஐந்தொகையில் பொறுப்பாகக் காட்ட வேண்டும். அவற்றில் எவ்வளவு ஒருபோதும் பயன்படுத்தப்படாமல் காலாவதியாகும் என்றும் அவை முன்கூட்டியே மதிப்பிடுகின்றன. நாம் மறந்துபோவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இதையெல்லாம் நான் தொழிலில் தினமும் பார்க்கிறவள். புத்தகம் கடைக்காரரிடம் இருக்கிறது, அரிசி விலையை நிர்ணயிப்பவரும் அவரே என்பதை மட்டும் என் சொந்தக் கணக்கில் பார்க்கத் தவறினேன்.

அப்போதும் போயிருக்கலாம். 63,000 மைல் இருந்தது; இருவருக்கும் 60,000 போதும். ஆனால் இப்போது வகுத்தால் ஒரு மைலுக்கு 1.8 காசுதான் வந்தது. நட்டத்திற்கு விற்க மனம் வரவில்லை. உயர்வகுப்பில் இருவருக்கு 1,36,000 மைல் வேண்டும். சேர்ப்பதில் ஒருபகுதி மூன்றாண்டு முடிந்து காலாவதியாகிக்கொண்டும் இருந்தது. ஓடுகிற பால் லாரியைச் சைக்கிளில் துரத்துகிறவளைப் போல நான் மைல்களைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

2018 பொங்கல் முடிந்து நான்காம் நாள் விடியற்காலையில் துறையூரிலிருந்து தொலைபேசி வந்தது. பெரியம்மா உறக்கத்திலேயே போய்விட்டார்.

அம்மா அழவில்லை. குளித்துவிட்டு வந்து, கடப்பிதழ் இருந்த உறையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

நான் மடிக்கணினியைத் திறந்தேன். என் கணக்கில் 66,000 மைல் இருந்தது. பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் இடைப்பட்ட நாள்கள். சென்னைக்கு மூன்று வாரங்களுக்கு மைலில் எடுக்க ஓர் இருக்கைகூட இல்லை. விமானத்தில் இடமில்லை என்று பொருளல்ல. காசுக்கு இடம் இருந்தது. மைலுக்கென்று ஒதுக்கிய இடம்தான் இல்லை. மலிவுக் கட்டண விமானத்தில் நேரே திருச்சிக்கு, ஒருவருக்கு 1,180 வெள்ளி கொடுத்து எடுத்தேன். மின்விசா கைக்கு வர இரண்டு நாள் ஆயிற்று. சிப்பாங்கில் செம்பனைக் காடுகளுக்கு நடுவே இருக்கிற அந்த விமான நிலையத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரந்தான். வேலைக்காக நூறு முறைக்குமேல் அங்கிருந்து பறந்திருக்கிறேன். அம்மாவுக்கு அதுவே முதல் தடவை.

சன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, விமானம் மேலே எழும்பிய பிறகு மெதுவாகக் கேட்டார்: "இது உன் மைலுல வாங்குனதா பாப்பா?"

"இல்லம்மா. காசு குடுத்து வாங்குனது."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, பாலும் தெளித்தாகிவிட்டிருந்தது. பதினாறாம் நாள் காரியம்வரை அம்மா அங்கேயே இருந்தார். பெரியம்மா வீட்டு அடுப்படியில் உப்புப் போட்டு வைத்திருந்த பாத்திரத்தைப் பார்த்ததும் அம்மா அதைக் கையில் எடுத்து உப்பை வேறொரு கிண்ணத்தில் கொட்டினார். அது நம் தோட்டத்து மங்கு. மரத்தில் கம்பியால் கட்டிப் பால் பிடிப்போமே, அந்த வெள்ளைப் பீங்கான் மங்கு. 1970இல் கப்பலேறும்போது பெரியம்மா பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார். அது என்னவென்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அம்மா அதைக் கழுவித் துடைத்து, மறுபடியும் உப்பைப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துத்தான் என்னால் அதைப் பேச முடிந்தது. "என்னய மன்னிச்சிரும்மா. நல்ல வெலைக்குப் போகட்டும்னு காத்திருந்தேன்" என்றேன்.

அம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்டது இது: "நீ யுனிவர்சிட்டிக்குப் போறப்ப நான் கூட்டு எடுத்தது ஞாபகம் இருக்கா?"

நினைவிருந்தது. தோட்டத்தில் பெண்கள் சேர்ந்து கூட்டுப் பிடிப்பார்கள். ஏலச்சீட்டுத்தான். இருபது பேர், மாதம் நூறு வெள்ளி. மாதாமாதம் 2,000 வெள்ளி சேரும். அவசரம் உள்ளவர் தள்ளி எடுப்பார். தள்ளிய தொகையை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். பொறுத்திருந்து கடைசியில் எடுப்பவருக்கு முழுத்தொகை. தனியார் கூட்டு நடத்துவது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். 1971இல் வந்த அந்தத் தடைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம் 'கூட்டு' என்ற சொல் இருக்கிறது. ஏமாந்தவர்கள் பலர் என்பதால் வந்த சட்டம் அது. அதை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால் வங்கி எங்களை ஏறெடுத்துப் பார்க்காத காலத்தில் எங்கள் தோட்டத்துக்கு அதுதான் வங்கி.

2001இல் எனக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்த மாதம், கூட்டு தொடங்கி இரண்டாவது மாதம். அம்மா 520 வெள்ளி தள்ளி, 1,480 வெள்ளிக்கு எடுத்தார். "படிச்ச புள்ளய வச்சிருக்கே, கணக்குத் தெரியலியே ஒனக்கு" என்று தண்டலம்மா எல்லார் முன்னாலும் சிரித்தார். எனக்கே அவமானமாக இருந்தது. அந்த 1,480 வெள்ளியில்தான் என் பதிவுக் கட்டணம், விடுதிக் கட்டணம், ஒரு பெட்டி, இரண்டு பாவாடை சட்டை, பேருந்துச் செலவு எல்லாம் நடந்தன.

"கடேசி மாசம் எடுத்திருந்தா முழுசா ரெண்டாயிரம் கெடச்சிருக்கும்" என்றார் அம்மா. "ஆனா ஒங்க யுனிவர்சிட்டி கடேசி மாசம் வரைக்கும் கதவத் தொறந்து வச்சிருக்குமா பாப்பா? தள்ளி எடுக்குறவ முட்டாளு இல்ல. அவளுக்கு அந்த மாசந்தான் வேணும்."

அன்றிரவு உட்கார்ந்து என் கணக்கை மறுபடியும் போட்டேன். மூன்று பிழைகள் கிடைத்தன.

முதல் பிழை ஆறு காசு. 3,520 வெள்ளி கொடுத்து உயர்வகுப்பில் போகிறவள் அல்லள் நான். வாழ்நாளில் ஒருமுறைகூட என் சொந்தக் காசில் அப்படிப் போனதில்லை. அந்தச் சொகுசுக்கு மிஞ்சிப்போனால் 1,200 வெள்ளி கொடுத்திருப்பேன். அதிலிருந்து 400 வெள்ளி வரி போக 800. அதை 52,000ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஒன்றரைக் காசு. நான் கேவலம் என்று ஒதுக்கிய இரண்டே கால் காசைவிட அது குறைவு. ஒரு பொருளின் விலை அட்டையில் எழுதியிருப்பது அல்ல. நாம் அதற்கு மனமறிந்து கொடுக்கக்கூடியது.

இரண்டாவது, மைல் இலவசம் என்று நான் நினைத்தது. அதே மூன்று வெள்ளியை ஒரு விழுக்காடு பணம் திருப்பித் தரும் அட்டையில் செலவழித்திருந்தால் மூன்று காசு ரொக்கமாகவே கிடைத்திருக்கும். அதாவது, அட்டையில் சேர்த்த ஒவ்வொரு மைலையும் நான் மூன்று காசுக்கு வாங்கியிருக்கிறேன். மூன்று காசுக்கு வாங்கி இரண்டே கால் காசுக்கு விற்பதைத்தான் சாமர்த்தியம் என்று எண்ணியிருந்தேன்.

மூன்றாவதுதான் பெரிய பிழை. துறையூருக்குப் பக்கத்து விமான நிலையம் திருச்சி. பண்டிகை இல்லாத மாதங்களில் மலிவுக் கட்டண விமானத்தில் அறுநூறு வெள்ளிக்குப் போய்வந்திருக்கலாம். இருவருக்கும் 1,200 வெள்ளி. என் ஒரு மாதச் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு. அந்த 58,000 மைல் மட்டும் இல்லாதிருந்தால், 2016 தீபாவளி முடிந்த கையோடு காசு கொடுத்துச் சீட்டெடுத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். 'இலவசச் சீட்டு இருக்கும்போது எதற்குக் காசு?' என்ற ஒரே நினைப்பு எங்களைப் பதினான்கு மாதம் வீட்டில் உட்கார வைத்தது. ஒரு பயணத்தைத் தருவதற்காக இருந்த மைல் அந்தப் பயணத்தையே தடுத்தது.

அதன்பிறகு உலகில் நடந்தவற்றை வேறு கண்ணோடு பார்த்தேன். 2019 ஏப்ரலில் இந்தியாவின் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால், வேறு பெயர் சூட்டிக்கொண்டு அதன்பிறகும் நடந்தது. விமானம் இல்லை, மைல் இருந்தது! 2020இல் பெருந்தொற்றால் விமானங்கள் தரையில் நின்றபோது, அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் தன் மைல் திட்டத்தை ஈடு வைத்து 500 கோடி டாலர் கடன் திரட்ட முன்வந்தது. அந்தத் திட்டத்தின் மதிப்பு ஏறக்குறைய 2,200 கோடி டாலர் என்று கணக்குக் காட்டியது. அமெரிக்கன், டெல்டா ஆகியவையும் அதே வழியில் போயின. நாம் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று போட்டு வைத்திருப்பது அவர்களுக்கு ஈடு வைக்கக்கூடிய சொத்து. சேர்த்து வைப்பதால் நமக்கு வட்டி கிடையாது. மங்கில் விட்டுவைத்த பால் மாலைக்குள் உறைந்துவிடும் என்று தோட்டத்தில் பிறந்த எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் மறந்துபோனேன்.

கணக்கில் கிடந்த மைல்களை 2019 ஆகஸ்டில் பயன்படுத்தினேன். பெரியம்மாவின் மகளையும் அவருடைய மகனையும் சென்னையிலிருந்து இங்கே வரவழைத்தேன். மைலில் எடுக்கும் சீட்டை இன்னொருவர் பெயரிலும் எடுக்கலாம். இருவருக்கும் சேர்த்து 60,000 மைல் போயிற்று.

அக்காளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனோம். பால்மரங்கள் இல்லை, எல்லாம் செம்பனை. லயங்களை எப்போதோ இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் புதுச் சாயம் பூசிக்கொண்டு நின்றது. அம்மா கோயில் வாசலிலிருந்து அடி எண்ணிக்கொண்டே நடந்து, செம்பனை வரிசைக்குள் ஓரிடத்தில் நின்றார். "இங்கதான் எங்க வீடு. மூணாவது கதவு. ஒங்கம்மா வெடிகால நாலரைக்கு எந்திரிச்சு, என்னய ஒதச்சு எழுப்பிப் பெரட்டுக்குக் கூட்டிட்டுப் போவா" என்றார். அக்காள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய அம்மா நாற்பத்தெட்டு ஆண்டுகள் பேசிக்கொண்டேயிருந்த இடம் அதுதானாம். இருவரும் வெகுநேரம் அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்தப் பையனும் கோயில் திண்ணையில் காத்திருந்தோம்.

தம்பி தங்கையரே, கணக்காய்வாளர் என்ற முறையில் உங்களுக்கு நான்கு சொற்கள். அட்டைக் கடனை மாதாமாதம் முழுமையாகக் கட்ட முடியாவிட்டால் மைல் பக்கமே போகாதீர்கள்; ஆண்டுக்கு 18 விழுக்காடுவரை வட்டி வாங்கும் அட்டை, ஒரே மாதத்தில் உங்கள் மைலின் மதிப்பைத் தின்றுவிடும். வங்கியில் புள்ளியாக இருப்பதை, பயண நாள் தெரியும்வரை மைலாக மாற்றாதீர்கள். மாற்றிய பிறகு திரும்பி வராது. வகுத்துப் பார்க்கும்போது விமான நிறுவனம் சொல்லும் விலையைப் போடாமல், நீங்கள் உண்மையில் கொடுக்கக்கூடிய விலையைப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், யாரைப் பார்க்க, எந்த மாதம் போகப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிடுங்கள். அதற்கு மைல் உதவினால் எடுங்கள். உதவாவிட்டால் காசு கொடுத்துப் போய்விடுங்கள்.

அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் முன்னைப்போல் இல்லை. சென்ற மாதம், "துறையூருக்கு இன்னொரு தடவ போயிட்டு வரலாமா பாப்பா?" என்று கேட்டார். அன்றிரவே சீட்டு எடுத்துவிட்டேன். மைலில் எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று பார்க்கவில்லை.